விமானி மாண்புப் பிரிவு

செமெர்லாங் ஏர் நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்த முதல் நாள் ஐவனுக்கு மூன்று பொருள்கள் கொடுக்கப்பட்டன. ஒரு தொப்பி. தோளில் இரண்டு தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை. மூன்றாவது, அந்தத் தொப்பிக்கும் சட்டைக்குமான பில்.

நியமனக் கடிதத்தை அவன் பிரிக்ஃபீல்ட்ஸ் தலைமையகத்தின் லிஃப்டுக்குள் நின்றே படித்தான். சம்பளம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 'ஆரம்பகால உற்சாகத் தொகை' என்று இருந்தது. பக்கத்தில் இரண்டாயிரத்து நூறு மலேசிய வெள்ளி. ஐவன் நல்ல பிள்ளை. கம்பெனி அவசரத்தில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டது, நாளைக்கு ஆடிட்டில் யாராவது மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று கவலைப்பட்டு, வந்த லிஃப்டிலேயே திரும்ப மேலே போய் மனிதவளப் பிரிவு அதிகாரி ஷாமினியிடம் கடிதத்தை நீட்டினான்.

"மிஸ், இதுல ஒரு சைபர் விட்டுப் போச்சு போல."

ஷாமினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "இல்லையே. மூணு பேர் செக் பண்ணித்தான் அனுப்புனோம். போன வருஷம் இதவிட இருநூறு கூட இருந்துச்சு. அதுதான் தப்புன்னு திருத்திட்டோம்."

விஷயம் டத்தோ பட்டம் வாங்கிய துறைத் தலைவர் ஜெயராஜின் காதுக்குப் போய், ஐவனை உள்ளே கூப்பிட்டார்கள். டத்தோ போர்டு மீட்டிங்கில் ஆங்கிலம் பேசுவார். அமைச்சு அதிகாரிகளிடம் மலாய் பேசுவார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் தமிழுக்கு வருவார்.

"உக்காரு தம்பி. சாப்டியா? நம்ம பையன்லா நீ, அதான் மனசு விட்டுப் பேசுறேன். சம்பளம்னா என்னா? ஒருத்தனப் பிடிக்காத வேலைய செய்ய வைக்கிறதுக்குக் கொடுக்கிற நஷ்டஈடு. டாய்லெட் கழுவுறவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆகணும், அது நியாயம். நீ ஆகாயத்துல போற. மேகம் பாக்குற. சன்ரைஸ் பாக்குற. அதுக்கெல்லாம் நாங்க காசு கேட்டோமா? கேக்கல. அதுதான் இந்தக் கம்பெனியோட பெரிய மனசு."

நன்றி சொல்ல வேண்டுமா, கூடாதா என்று ஐவனுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

வீடு கிள்ளானில், தாமான் செந்தோசா குடியிருப்பில். அம்மா மகதலேனாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், டாக்டர் இனி நிற்கிற வேலையே கூடாது என்று சொல்லியாகிவிட்டது. மகனுக்கு வேலை கிடைத்த அன்றே, டிசம்பரோடு நின்றுகொள்கிறேன் என்று கேன்டீன் குத்தகைக்காரர் தம்புசாமியிடம் கடிதம் கொடுத்துவிட்டார். இருதயம் என்ற அவர் கணவர் ரயில்வேயில் உழைத்துச் சேர்த்துவிட்டுப் போன பணம் மொத்தமும் விமானப் பள்ளிக்குப் போயிருந்தது. பிள்ளை பறக்க ஆரம்பித்தால் அம்மா உட்காரலாம் என்பதுதான் அந்த வீட்டின் கணக்கு.

"ஆறு மாசம்தான்மா. கன்ஃபர்ம் பண்ணிட்டா சம்பளம் மூணு மடங்கு ஆயிரும்" என்றான் ஐவன்.

"இருபத்திரெண்டு வருஷம் நின்னவளுக்கு ஆறு மாசம் பெரிசா? போய் சட்டைய மாட்டு, பாப்போம்."

சட்டையை மாட்டிக் காட்டினான். மகதலேனா பில்லை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

தினமும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து விமான நிலையத்துக்கு பஸ். ஒரு நாள் காலை ரயில் தாமதமாகிவிட, சென்ட்ரல் நடைமேடையில் நின்றவாக்கிலேயே, தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். 'பைலட்டுக்கே இந்த நிலைமையா? ப்ளேன்ல எண்ணெயாவது ஊத்துறாங்களா?' என்று கீழே எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். பங்கு விலை மூன்று காசு இறங்கியது.

நிர்வாகம் பதறிப்போய் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் அவசரக் கூட்டம் போட்டது. விமானிகள் ஏழைகளாகத் தெரிகிறார்கள் என்பது முதல் நாள் மதிய விருந்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. ஓர் இளம் கணக்காளர் கையைத் தூக்கி, சம்பளத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்டார். லாபுவான் தீவுக் கிளையில் காற்று நன்றாக இருக்கும், அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று அன்றைக்கே முடிவாயிற்று. மீதி ஒன்றரை நாளில் விமானி மாண்புப் பிரிவு பிறந்தது. பதினான்கு ஊழியர்கள், தலைமையகத்தில் அரைத் தளம், வெளியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனம். ஷாமினிதான் மேலாளர். அவள் சம்பளத்தை இங்கே சொன்னால் ஐவனுக்கு வருத்தமாக இருக்கும்.

திறப்பு விழாவில் டத்தோ புதிய விமானிகள் நாற்பத்தெட்டு பேரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். முதலில் ஆங்கிலத்தில் வரவேற்றார். பிறகு ஐவன் பக்கமும் இன்னும் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள் பக்கமும் திரும்பினார்.

"கஷ்டப்படுறது தப்பில்ல தம்பிகளா. கஷ்டம் வெளிய தெரியுது பாருங்க, அதுதான் தப்பு. வறுமைய ஒழிக்கிறது அரசாங்கத்தோட வேலை. மறைக்கிறது நம்ம வேலை. அதையாவது உருப்படியா செய்வோம்லா."

விதிகள் வந்தன. சீருடையில் ரயில் ஏறக்கூடாது. பொது இடத்தில் பொட்டலம் பிரிக்கக்கூடாது. என்ன சம்பளம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல், லேசாகச் சிரித்து, மேலே பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு மட்டும் அரைநாள் பயிற்சி. முதல் தடவை ஐவன் மேலே பார்த்தது, துணி காயப்போட்டவன் மழை வருமா என்று பார்ப்பதுபோல் இருக்கிறது என்று மதிப்பெண் குறைத்தார்கள். நாலாவது தடவை தேறினான்.

அன்றிலிருந்து அவன் டீ சட்டையில் ரயிலேறி, சென்ட்ரல் கழிப்பறைக்குள் போய் விமானியாக மாறி வெளியே வந்தான். இரவு திரும்பும்போது விமானியாக உள்ளே போய், மற்றவனாக வெளியே வருவான். வாசலில் காசு வாங்கும் வங்காளதேசத்துக்காரர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "பாஸ், டிவி நாடகத்துல நடிக்கிறீங்களா? என்ன கொடுக்கிறாங்க?" என்று மலாயில் கேட்டார். ஐவன் லேசாகச் சிரித்து, மேலே பார்த்தான். அவர் பாவப்பட்டு அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்து கார் வந்தது. விமானி என்றால் வீட்டு வாசலில் ஒரு நல்ல கார் நிற்க வேண்டும் என்று ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. விமானிகள் நாற்பத்தெட்டு பேர், கார் ஒன்று. கறுப்பு ஜெர்மன் கார், வாடகைக்கு. ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் பதினோரு நிமிடம் நிற்கும். அக்கம்பக்கத்தார் வெளியே வர நான்கு நிமிடம், பொறாமைப்பட மூன்று நிமிடம், படம் எடுக்க நான்கு நிமிடம் என்று ஆய்வு செய்து வைத்திருந்தார்கள். நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு விமானம் ஓட்டலாம், ஆனால் விமானிகள் இந்தக் காரை ஓட்டக்கூடாது என்று இன்சூரன்ஸில் ஒரு வரி இருந்தது. அதனால் காரை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

தாமான் செந்தோசாவில் அது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்த நேரம். பக்கத்து வீட்டு வள்ளியம்மா லோரி இறக்கியதைப் பார்க்கவில்லை, கார் நிற்பதை மட்டும் பார்த்தார். "அக்கா! சொல்லவே இல்லையே!" என்று ஓடிப்போய் நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நான்கு சக்கரத்துக்கு அடியிலும் வைத்தார். மகதலேனா, புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவில் பிடித்து வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்துவந்து எதற்கும் இரண்டு சொட்டு தெளித்தார். நம்முடைய கார் இல்லை என்று அவருக்குத் தெரியும். தீர்த்தம் அதையெல்லாம் பார்க்காது என்பது அவர் எண்ணம். தெருவே கூடிவிட்டது. "ஓட்டிக் காட்டு தம்பி, பழத்த நசுக்கு" என்றார்கள்.

பதினோராவது நிமிடம் முடிந்தது. தெருமுனையில் நின்ற லோரி ரிவர்ஸிலேயே வந்தது. தொப்பி போட்ட இரண்டு ஆட்கள் குதித்தார்கள், சங்கிலியை மாட்டினார்கள், ஒரு தாளில் ஐவனிடம் கையெழுத்து வாங்கினார்கள், காரை மேலே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எலுமிச்சம்பழம் நான்கும் அப்படியே கிடந்தன.

கிள்ளானில் லோரி வந்து, தொப்பிக்காரன் இறங்கி, கையெழுத்து வாங்கிக் கார் போகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. தவணை கட்டவில்லை. பேங்க் ஆள் வந்துவிட்டான்.

"ஐயையோ, இழுத்துட்டுப் போறானுங்களே!" என்று வள்ளியம்மா தலையில் கை வைத்தார்.

ஐவன் விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் கார் யாருடையது என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தான். எனவே பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி லேசாகச் சிரித்து, மேலே பார்த்தான். அதைப் பார்த்துத்தான் வள்ளியம்மாவுக்கு அழுகையே வந்தது.

அரைமணி நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. யாரோ கூடாரம் கட்டக் கயிறு எடுத்தார், மகதலேனா கெஞ்சி நிறுத்தினார். துக்க வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் ஆளுக்கு ஒரு கிலோ சீனியும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்து, எழுந்து போனார்கள். வள்ளியம்மா கைப்பேசியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, "ப்ளேன் ஓட்டுற பிள்ளையோட காரையே இழுத்துட்டானுங்க. அப்ப நம்ம மைவி காரெல்லாம் எந்த மூலைக்கு?" என்று பேசி டிக்டாக்கில் போட்டார். ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். பங்கு விலை இந்தத் தடவை ஏழு காசு இறங்கியது.

ஐவனை உள்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குற்றச்சாட்டுக் கடிதத்தில், 'நிறுவனத்தின் முன் அனுமதியின்றிப் பொதுமக்களிடமிருந்து அனுதாபம் பெற்றது' என்று இருந்தது. நிரூபணமானால் பணி உறுதி இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போகும். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம். அவனோடு பறக்கும் கேப்டன் சிவநேசனைக் கேட்டான். அவர் விமானிகள் சங்கத்தில் இருப்பவர். "சங்கம் உறுதியான ஆளுக்குத்தான்டா பேசும். நீ இன்னும் உறுதி ஆகல. உறுதி ஆயிட்டு வா, உன் உறுதிக்காகப் போராடுறோம்" என்றார் வருத்தத்தோடு.

"நான் வரேன்" என்றார் மகதலேனா. அரைநாள் சம்பளம் போயிற்று.

விசாரணை அறை குளிராக இருந்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் டத்தோ நடுவில், ஷாமினி கணினியோடு பக்கத்தில், இன்னும் மூன்று பேர். டத்தோ உடனே தமிழுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, அனுதாபம்கிறது கம்பெனி சொத்து. ஒரு விபத்து, ஒரு நஷ்டம்னா மக்கள் நம்ம மேல அனுதாபப்படணும். அத நீ உன் வீட்டு வாசல்ல வாங்கி வச்சுக்கிட்டா எப்படி? சரி, போகட்டும். ஒரே ஒரு கேள்வி. உனக்குப் பறக்கப் பிடிக்குமா?"

ஐவன் யோசித்தான். பிடிக்கும் என்றால் பிடித்த வேலைக்கு எதற்குச் சம்பளம் என்பார்கள். பிடிக்காது என்றால் பிடிக்காதவனிடம் எப்படி விமானத்தைக் கொடுப்பது என்பார்கள். ஆனால் மலாக்கா நீரிணைக்கு மேலே காலை வெளிச்சத்தில் மேகம் விலகிக் கப்பல்கள் சின்னச் சின்னதாகத் தெரியும்போது அவனுக்கு பில்லும் மறந்துபோகிறது, கழிப்பறையும் மறந்துபோகிறது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பிடிக்கும் டத்தோ."

"எழுதிக்கம்மா ஷாமினி. பிடிக்குதாம். அப்ப சம்பளத்தப் பத்தி இங்க பேச்சே இல்ல."

உண்மையைச் சொன்னதற்காக ஐவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மகதலேனா.

"கேளுங்கம்மா."

"இவன் வர்ற ரயிலுக்கு நான் காசு கொடுக்கிறேன். பஸ்ஸுக்கும் நான்தான். சட்டை பில்லு நான் கட்டுறேன். சாப்பாடு என் கேன்டீன் சாப்பாடு. நான் கொடுக்கலன்னா இவன் ஏர்போர்ட்டு வரைக்குமே வரமுடியாது. இவன் வரலன்னா உங்க ப்ளேன் கெளம்பாது. அப்ப உங்க ப்ளேன ஓட்டுறது யாரு? நீங்களா, நானா?"

ஷாமினி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். ஐவன் தலையை நிமிர்த்தினான். இதற்குமேல் இவர்கள் கூச்சப்படாமல் இருக்க முடியாது என்று அவன் உறுதியாக நம்பினான். அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

டத்தோ மெல்ல எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா, இத்தன நாளா எங்க இருந்தீங்க? விமானிக்கு ஒரு நிலையான வருமானம் எங்கேருந்து வரும்னு பதினாலு பேர வச்சுத் தேடுறோம். கன்சல்டன்டுக்கு லட்சக்கணக்குல கொட்டுனோம். அது வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு! உங்களுக்கு என்னம்மா சம்பளம்?"

"ஓவர்டைமோட ரெண்டாயிரத்து அறுநூறு."

மேசையிலிருந்த ஐந்து பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். மகதலேனாவுக்கு உடனே மெத்தை வைத்த நாற்காலி ஒன்று கொண்டுவரப்பட்டது. அறையில் அதிகமாகச் சம்பாதிக்கும் சாதாரண மனிதர் அவர்தான் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. ஐவன் குற்றமற்றவன். பணி உறுதி செய்யப்படுகிறது. தோளுக்கு மூன்றாவது பட்டை, அதற்கான பில் பின்னால் வரும். மகதலேனாவுக்கு 'குடும்பப் பங்காளி' என்ற விருதும் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழும். இனி புதிதாகச் சேரும் விமானிகளின் விண்ணப்பத்தில் தாயாரின் சம்பளத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். குடும்ப வருமானம் நிரூபிக்கப்பட்டுவிட்டதால், மூன்று மடங்கு உயர்வுக்கு இனி அவசியமில்லை என்று விசாரணைக் குழு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொண்டது. ஒரே நிபந்தனை: விமானி பறக்கும் ஒவ்வொரு நாளும் குடும்பப் பங்காளி பணியில் இருக்க வேண்டும். அவர் வேலையிடத்தில் வருகைக் கார்டு அடிப்பது செமெர்லாங் ஏரின் சிஸ்டத்தில் பதிவாகும். இல்லையென்றால் அவர் ஆதாரமற்ற விமானி ஆவார். ஆதாரமற்றவரை நம்பிப் பயணிகளை அனுப்ப முடியாது, பாதுகாப்பு முக்கியம்.

செமெர்லாங் ஏர் அத்தோடு நிற்கவில்லை. எங்கள் விமானச் சேவை உங்கள் சமையல்காரரைச் சார்ந்திருக்கிறது, அவர் ஊதியத்தைப் பரிசீலிக்கவும் என்று கேன்டீன் குத்தகைக்காரர் தம்புசாமிக்கு ஒரு கடிதம் போட்டது. கடிதத்தாளில் விமானப் படத்தைப் பார்த்துப் பயந்துபோன தம்புசாமி நூறு வெள்ளி கூட்டினார். அடுத்த மாதம், குடும்ப வருமானம் உயர்ந்ததைப் பாராட்டி, ஐவனின் உற்சாகத் தொகையில் நூறு வெள்ளி குறைத்தார்கள்.

டிசம்பரில் மகதலேனா தம்புசாமியிடம் போய், தான் கொடுத்த விலகல் கடிதத்தைத் திரும்பக் கேட்டார்.

"என்னாக்கா, உக்காரப் போறேன்னு சொன்னீங்க?"

"உக்காந்தா அவன எறக்கி விட்ருவாங்களாம் தம்பு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மா இதைச் சொன்னபோது ஐவன், வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். "விட்டுட்டு?" என்றார் மகதலேனா. பறக்கப் பிடிக்கும் என்று அவன் அந்த அறையில் சொன்னதை அவரும்தானே கேட்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஷாமினி போன் செய்தாள்.

"ஆன்டி, குட் மார்னிங். சிஸ்டத்துல உங்க பேரு சிவப்பா காட்டுது. இன்னிக்கு வேலைக்குப் போகலயா?"

"முட்டி ரெண்டும் வீங்கிருச்சும்மா. கால ஊன முடியல. கிளினிக்குப் போய் எம்சி லீவு எடுக்கலாம்னு படுத்திருக்கேன்."

"எடுங்க ஆன்டி, உடம்புதான் முக்கியம்." ஷாமினியின் குரல் இறங்கியது. "ஆனா கோத்தா பாரு ஃப்ளைட் ஆள் ஏத்திக்கிட்டு நிக்குது. ஐவன்தான் உள்ள இருக்காரு. நீங்க கார்டு அடிச்சாத்தான் என்னால ரிலீஸ் பண்ண முடியும். மாத்தி விட வேற பைலட் இல்ல. இருக்கிற ரெண்டு பேரோட அம்மாவும் இன்னிக்கு லீவு."

"எத்தன பேரு உள்ள?"

"நூத்தி எழுபத்தாறு. கைக்குழந்தைங்க மூணு."

மகதலேனா இரண்டு கையாலும் ஒரு காலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து தரையில் வைத்தார். அடுத்த காலையும் அப்படியே வைத்தார். வள்ளியம்மாவைக் கூப்பிட்டு, மைவியை எடுக்கச் சொன்னார்.

விமானத்தில், செயல்பாட்டுக் காரணங்களால் சிறு தாமதம் என்று கேப்டன் சிவநேசன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பக்கத்து இருக்கையில் ஐவன் முன்னாலிருந்த கருவிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செயல்பாட்டுக் காரணம் இந்நேரம் மேரு சாலையில் நெரிசலில் மாட்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தான். விமானத்தின் கதவை ஏற்கெனவே பூட்டியிருந்தார்கள். அழுதான். கேப்டன் வெளியே ஓடுபாதையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொழிற்சாலை வாசலில் வள்ளியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மகதலேனா கார்டை அடித்தபோது மணி எட்டு ஐம்பத்திரண்டு. எட்டு ஐம்பத்தேழுக்கு விமானம் நகர்ந்தது. தாமதத்துக்காக நிறுவனம் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.